ராணியின் கை

அப்பாவைக் கூடத்தில் கிடத்த இடம் பண்ணுவதற்காக மகள் அவருடைய வரைமேசையை இழுத்தாள். மேலே மூடியிருந்த செய்தித்தாள் நழுவியது. அடியில் அவர் முடித்துவைத்திருந்த அட்டைப்படம்: கடல் பாம்பின் முதுகில் ஓர் இளம் ராணி, ஓங்கிய வாளோடு. ஒரு பார்வைதான் பார்த்தாள். அவசரமாகத் தாளை எடுத்து மூடினாள்.

நாற்பது வருடமாகச் சாகச நாவல்களுக்கு அட்டை வரைந்த மனிதர். ஒன்பது தலை டிராகனைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவார். மனிதக் கை மட்டும் பார்க்காமல் வரைய வராது. ஏழு வயதிலிருந்து மகள்தான் கரண்டியை வாளாகப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கொள்ளைக்காரன், சூனியக்காரி, சந்திரலோகத்துத் தளபதி, யாராக இருந்தாலும் கை அவளுடையது. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டதற்கு அளவே இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் அறை வாசலில் வந்து நின்றார்.

"அஞ்சே நிமிஷம்மா. வந்து வாளைப் பிடி."

அவள் போனில் இருந்தாள். "உங்க ராணிக்கு நேரம் காலமே கிடையாதாப்பா? அப்புறம் பாக்கலாம்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறுபடி கேட்கவில்லை. அவளுக்கும் அது மறந்துபோனது. இன்று வெள்ளிக்கிழமை, விடிந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை.

பதிப்பாளர் பத்து மணிக்கு வந்தார். வெகுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு தயங்கித் தயங்கிப் படத்தைப் பற்றிக் கேட்டார். அம்மாவே போய்ச் செய்தித்தாளை விலக்கினாள்.

"அற்புதம்," என்றவர் குனிந்து பார்த்தார். "கை மட்டும்..."

ராணிக்கு இருபது வயதிருக்கும். வாளைப் பிடித்திருந்த கைக்கு எழுபது. முட்டி வீங்கி, நரம்பு புடைத்து, சுண்டுவிரல் கோணி, அப்பாவின் இடது கை அப்படியே இருந்தது.

"ஆபீஸ்ல ஒரு ஆர்ட்டிஸ்ட் இருக்கார். சரி பண்ணிடலாம்."

"இவ கையப் பாத்து வரையச் சொல்லுங்க," என்றாள் அம்மா. "எப்பவும் இவதானே நிப்பா. ஏன்டி, இதுக்கும் நீதானே நின்னே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை.

"நிக்கலம்மா. கூப்பிட்டார். நான்தான் போகல."

அம்மா அவளையே பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"அந்தக் கையத் தொடாதீங்க சார்," என்றாள் மகள். "அப்படியே போடுங்க."

"பாக்கறவங்க சிரிப்பாங்களேம்மா."

"சிரிக்கட்டும். தப்பு அவரோடது இல்ல."

பதிப்பாளர் படத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அவள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. தன் விரல்களை அதற்குள் நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை.