கடைசியிலிருந்து

அந்தோணிராஜ் தொப்பியைக் கழற்றாமலே என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். சிம்பாங் அம்பாட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி. விடியற்காலையில் கூலிகளைப் பேர் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. ஐந்து பேர் இருந்த கூடத்திலும் ஒரு லயத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படிதான் பேசினார். பக்கத்தில் அவர் மனைவி அமலம்மாள், சங்கிலியை முந்தானைக்கு வெளியே இழுத்து விட்டுக்கொண்டு. பெஞ்சின் கடைசியில் பையன் ஆர்தர். பிறை ரயில் ஆபீசில் அவனும் கிராணி. கஞ்சி போட்ட காலர் கழுத்தை அறுத்தது. தமிழன் கழுத்துக்கு வெட்டாத காலர் அது, அறுக்கத்தான் செய்யும்.

என் தம்பி மகள் சவுந்தரத்தைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். தம்பி போன நாளிலிருந்து அவளும் அவள் தாய் மார்த்தாவும் என் பொறுப்பு.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்மதமென்று வெற்றிலைத் தட்டைப் பிள்ளை வீட்டார் பக்கம் நகர்த்துவதற்கு முன், மாப்பிள்ளை ஒரு சொல்லை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்ட வேண்டும். என் பாட்டனார் காரைக்காலில் கப்பலேறியபோது நகை கொண்டுவரவில்லை, இலக்கணம் கொண்டுவந்தார். பினாங்கில் காசு பார்த்த தமிழர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். தாம் பேசும் சொல்லுக்கு எலும்பு எது, தசை எது என்று தெரிந்தவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். முன்பு வந்த மளிகைக்கடை வாரிசு, சொல்லைக் கேட்டதும் உத்தரத்தைப் பார்த்தான். தைப்பிங்கிலிருந்து வந்த வாத்தியாருக்குப் பகுதி எது, விகுதி எது என்றே தெரியவில்லை. அவன் வாத்தியார்! இருவருக்கும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். மார்த்தா அழுதாள். அதற்காக வழக்கத்தை மாற்ற முடியுமா?

விஷயத்தைச் சொன்னதும் அந்தோணிராஜ் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"இது என்னாண்ணே, பரீட்சையா? என் மவன் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ்லா! வெள்ளக்கார தொரையே கைகுடுத்தான்."

"பொண்ணு பாக்க வந்த எடத்துல சொல்லப் பிரிக்கச் சொல்றாங்க," என்றாள் அமலம்மாள். "எங்கூட்ல பசார்லேர்ந்து கோழி வந்தாத்தான் பிரிப்போம்."

கோழியைப் பிரிக்கத் தெரிந்த கைகள்தாம் அவை, சந்தேகமில்லை. நான் பையனைப் பார்த்துச் சொன்னேன்:

"வந்தனள்."

ஆர்தர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். இவனும் உத்தரத்தைப் பார்ப்பான், பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவன் தரையைப் பார்த்துத் தொடங்கினான்.

"அள். அது விகுதிங்க. வந்தது பொண்ணுன்னு சொல்லுது. அதுக்கு முன்னால அன், சாரியை. அதுக்கு முன்னால த், எடைநிலை, வந்து முடிஞ்சிருச்சுன்னு காலம் காட்டுது. அதுக்கும் முன்னால இன்னொரு த், சந்தி. அது ந் ஆயிருச்சு. கடைசியா வா, பகுதி. அது வ-ன்னு குறுகிருச்சு."

"பாத்தீங்களாண்ணே!" என்று கத்தினார் தகப்பன். "தண்ணி மாதிரி ஓடுதுலா!"

மார்த்தா கதவருகிலிருந்து மெல்லக் கேட்டாள். "அத்தான், சரியாத்தானே சொன்னாரு?"

சரிதான். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. ஆனால் என் முதுகு நாற்காலியை விட்டு நிமிர்ந்துவிட்டது.

தமிழ் படித்த எவனும் பகுதியில்தான் தொடங்குவான். பள்ளிக்கூடத்தில் நானும் அப்படித்தான் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் வீட்டுக்குள் மட்டும் பாட்டனார் வைத்த முறை வேறு. கடைசியிலிருந்து பிரிக்க வேண்டும். விகுதியிடம் முதலில் கேள்: செய்தது யார்? இடைநிலையிடம் கேள்: எப்போது? பிறகுதான் பகுதி: செய்தது என்ன? ஆள் யாரென்று தெரியாமல் அவன் செய்த காரியத்தைக் கேட்டு என்ன பயன் என்பார். அந்த முறை எங்கள் வாசலைத் தாண்டியதில்லை. அது தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான். கல்லறையில் கிடக்கும் என் தம்பி. அவன் மடியில் உட்கார்ந்து கற்ற மகள்.

யார் என்பது தெரிந்துவிட்டது. எப்போது? சனிக்கிழமைதோறும் சவுந்தரம் கடலுக்கு அக்கரையில் கன்னியர் மடத்துப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் படகேறிப் போகிறாள். பிறை ரயில் ஆபீஸும் அக்கரையில்தான். என்ன? அந்தக் கேள்விக்கு நெஞ்சு கூசியது. படகுத்துறையில், கச்சான் கடலைத் தோலைத் துப்புகிறவர்கள் நடுவில், இந்தக் காலர்க்காரனுக்கு என் பாட்டனாரின் முறை ஓதப்பட்டிருக்கிறது.

வாயைத் திறந்தால், பொழுது சாய்வதற்குள் அந்தோணிராஜின் தொண்டை அதைத் தோட்டமெங்கும் பரப்பிவிடும். பெண்ணின் பேர் போகும். திறக்காவிட்டால், எங்கள் வீட்டுச் சாவியைக் களவாய் வாங்கி எங்கள் கதவையே திறந்தவனுக்கு நான் தட்டை நகர்த்த வேண்டும்.

"தம்பி, இப்படிப் பிரிக்க யார் சொல்லிக்கொடுத்தது?"

"புக்குல படிச்சிருப்பான்லா!" என்றார் தகப்பன்.

"நான் அவரைக் கேட்கிறேன்."

ஆர்தர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். "நானாப் படிச்சதுங்க, ஐயா. யாரும் சொல்லித் தரல."

பொய் சொல்லக்கூடப் பழகாதவன். காது மடல் வரை சிவந்துவிட்டது. அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். அதற்காக அவனை மெச்சிவிடவில்லை.

அப்போது சவுந்தரம் காப்பித் தட்டோடு வந்தாள். எங்கள் வீட்டில் முதல் டம்ளர் மூத்தவருக்கு. அது அவளுக்குத் தெரியாததல்ல. அவள் என்னைக் கடந்து, அந்தோணிராஜைக் கடந்து, பெஞ்சின் கடைசிக்குப் போய் ஆர்தரிடம் முதல் டம்ளரைக் கொடுத்தாள்.

"என்னம்மா இது," என்றாள் அமலம்மாள், "பெரியவங்கள உட்டுட்டு?"

சவுந்தரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எங்க வீட்ல கடைசிலேர்ந்துதாங்க ஆரம்பிப்போம்."

அமலம்மாள் அதையும் ஒரு பினாங்கு வழக்கமென்று எண்ணித் தலையாட்டிக்கொண்டு டம்ளரை வாங்கினாள். அந்தோணிராஜ், ஏனென்று தெரியாமலே, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மார்த்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசி டம்ளர் என்னிடம் வந்தது. என் வலது கை வெற்றிலைத் தட்டின் விளிம்பை நகரவிடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. டம்ளரை வாங்க வேண்டுமானால் தட்டை விட வேண்டும். சவுந்தரம் நீட்டியபடியே நின்றாள். எங்கள் வீட்டு முதுகு அது, வளையவில்லை. காப்பியின் மேல் மெல்ல ஆடை படிந்துகொண்டிருந்தது.