எழுபது கிலோ ஆள்

அவளுக்கு வீட்டில் ஒரு புருஷன், அலுவலகத்தில் ஓர் ஆள். வீட்டில் இருப்பவர் கல்யாணமான புதிதில் அறுபத்திரண்டு கிலோ, இப்போது எண்பத்தொன்று. அலுவலகத்து ஆள் முப்பது வருஷமாக எழுபதே எழுபது. ஒரு கிராம் ஏறவில்லை, இறங்கவில்லை. அவசரப்பட்டு அவளைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். அவன் காகிதத்தில் மட்டும் இருக்கிறவன்.

அவள் அரசாங்கத்தில் நச்சியல் நிபுணர். தொழிற்சாலைக் காற்றில் கலக்கிற ரசாயனம் எந்த அளவுக்குள் இருந்தால் மனிதருக்குக் கேடில்லை என்று கணக்கிட்டுச் சொல்வது அவள் வேலை. எலிக்கு ஒன்றும் ஆகாத அளவு எதுவோ, அதை எடுத்துக்கொள்வாள். எலி வேறு, மனிதர் வேறு என்று அதைப் பத்தால் வகுப்பாள். மனிதரிலும் நோஞ்சான் உண்டே என்று இன்னொரு பத்தால் வகுப்பாள். அப்புறம் அந்தக் காற்றைச் சுவாசிக்க ஓர் ஆள் வேண்டாமா? அதற்குத்தான் இவன். எழுபது கிலோ இருப்பான். வாரம் ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்வான். சளி பிடிக்காது, கர்ப்பம் தரிக்காது, வயசு ஏறாது. துறையில் எல்லோரும் இப்படி ஓர் ஆளை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

"உன் இன்னொரு புருஷன் சௌக்கியமா?" என்று வீட்டுக்காரர் சாயங்காலம் காபி டம்ளரோடு கேட்பார்.

"அவனுக்கென்ன குறைச்சல்? குறட்டை விடுறானா, சட்டையைக் கழட்டி நாற்காலி மேல போட்டுட்டுப் போறானா?"

அவர் திரும்பிப் பார்ப்பார். அவருடைய சட்டை நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருக்கும்.

சிரிப்பும் பேச்சுமாகப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் நாத்தனார் வந்தாள். ஒரு காலில் பச்சை வார் வைத்த செருப்பு. மறு கால் வெறுங்கால்.

"ஏம்மா, இன்னொரு செருப்பு எங்க?"

நாத்தனார் குனிந்து பார்த்தாள். "அட, இருக்குன்னுல்ல நெனச்சேன்!"

அண்ணன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "தலையைக் கழுத்தோட ஒட்டி வச்சிருக்கே, அதனால தப்பிச்சது. இல்லேன்னா அதையும் பஸ்லயே விட்டுட்டு வந்திருப்பா."

நாத்தனாரும் சேர்ந்து சிரித்தாள். நிபுணர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் செருப்பு அவள் வாங்கிக் கொடுத்தது. அதனால் அல்ல. வெளியே உச்சி வெயில், தார் ரோடு.

"பஸ் ஸ்டாப்புல இருந்தா இப்படியே நடந்து வந்தே? கால் சுடலையா?"

"சுடலையே, அண்ணி."

அவள் நாத்தனாரை உட்கார வைத்து அந்தப் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்காலில் ஒரு ரூபாய் அளவுக்குக் கொப்புளம் எழும்பியிருந்தது. அதை விரலால் லேசாக அழுத்தினாள். நாத்தனார் பாட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். காலில் ஒரு கை இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

நிபுணர் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். ஏன் என்று சொல்கிறேன்.

நாத்தனார் ஆறு வருஷமாகக் கைப்பை செய்கிற தொழிற்சாலையில், பசை ஒட்டும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பசையைத் தின்னர் விட்டு இளக்குவார்கள். அந்தத் தின்னர் ஆவியாகி மூச்சு வழியே உள்ளே போனால் நாளடைவில் நரம்பைத் தின்றுவிடும், முதலில் பாதத்தில், அப்புறம் விரல்களில். போன வருஷமே நாத்தனார் சொன்னாள்: "அண்ணி, கால் மரத்து மரத்துப் போகுது." இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "உங்க கூடத்துக் காற்றுக் கணக்கு என் மேசைக்குத்தான் வருது. ஐம்பது வரைக்கும் இருக்கலாம், உங்களுது பதினொண்ணுதான். நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். பயப்படாம சத்து மாத்திரை சாப்பிடு."

அண்ணி படித்தவள், அண்ணி பொய் சொல்ல மாட்டாள் என்று அவளும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தத் தொழிற்சாலையின் கோப்பை எடுத்தாள். மாதம் ஒரு நாள் அங்கே காற்றை அளப்பார்கள். உள்ளங்கை அளவு பம்பு ஒன்று உண்டு. அதை ஒரு தொழிலாளி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து வரும் குழாயைச் சட்டைக் காலரில் குத்திக்கொள்ள வேண்டும். அவர் சுவாசிக்கிற காற்றை அதுவும் உறிஞ்சும். சாயங்காலம் ஓர் எண் வரும். பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று. வருஷக்கணக்காக இதுதான்.

இந்த வருஷம்தான் எல்லாத் தொழிற்சாலைக்கும் புதுப் பம்பு அனுப்பியிருந்தார்கள். அது நிமிஷத்துக்கு நிமிஷம் கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோட்டை இன்னும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அவள் கணினியில் திறந்தாள்.

உயிருள்ள மனிதரின் கோடு ஏறும், இறங்கும். பசை டப்பா மேல் குனிந்தால் ஏறும். தண்ணீர் குடிக்கப் போனால் இறங்கும். சாப்பாட்டு மணி அடித்தால் சட்டென்று தரைக்கு வரும். இந்தக் கோடு காலை எட்டிலிருந்து மாலை நாலு வரைக்கும் நூல் பிடித்தது போல் நேராக ஓடியது. இந்த ஆள் குனியவில்லை. ஒதுங்கப் போகவில்லை. சாப்பிட எழுந்திருக்கவே இல்லை. அதற்கு முந்தின மாதத்தைத் திறந்தாள். அப்போதும் எழுந்திருக்கவில்லை.

யார் இது என்று படிவத்தைப் புரட்டினாள். பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. எடை என்ற இடத்தில் 70. கையால் எழுதியதில்லை, அச்சடித்தது. அந்தப் படிவத்தைப் பல வருஷத்துக்கு முன் தயாரித்தவள் அவளே. வேலை சுலபமாகட்டும் என்று எழுபதை அச்சிலேயே போட்டு வைத்தவளும் அவளே.

அன்று மதியமே கிளம்பிவிட்டாள். சொல்லிக்கொண்டு போகவில்லை.

கூடம் நீளமாக இருந்தது. வாசலில் கால் வைத்ததும் தித்திப்பான ஒரு நெடி மூக்கில் ஏறித் தலையைச் சுற்றியது. இரண்டு வரிசை மேசைகள். முப்பது பெண்கள் டப்பாவில் தூரிகையைத் தோய்த்துத் தோய்த்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் ஐம்பது கிலோவைத் தாண்ட மாட்டாள். நாத்தனார் மூன்றாவது மேசையிலிருந்து கண்ணை அகல விரித்துப் பார்த்தாள். அண்ணி என்று காட்டிக்கொள்ளலாமா வேண்டாமா என்று அவளுக்குக் குழப்பம்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "சொல்லியிருந்தா கார் அனுப்பியிருப்பேனே, மேடம்!"

"இன்னைக்கு அளக்கிற நாள்தானே? பம்பு யார்கிட்ட இருக்கு?"

அவர் கூடத்தின் கோடியைப் பார்த்தார்.

அங்கே ஒரே ஒரு ஜன்னல். அது திறந்திருந்தது. அதை ஒட்டி, மேசை இல்லாமல், ஒரு நாற்காலி. நாற்காலி முதுகில் வெளிர் நீலச் சட்டை ஒன்று எல்லாப் பொத்தானும் போட்டு மாட்டியிருந்தது. காலரில் குழாய். மடியில் பம்பு. பக்கத்து முக்காலியில் மூடி போட்ட டம்ளரில் தண்ணீர். ஜன்னல் காற்றில் சட்டையின் நெஞ்சு மெல்லப் புடைத்து மெல்ல அடங்கியது. அசந்து தூங்குகிறவர் மூச்சு விடுகிற மாதிரி, உர்ர்ர் என்று பம்பு ஒரே சீராக ஒலித்தது.

"யாரும் மாட்டிக்க மாட்டேங்கிறாங்க, மேடம். குனியும்போது டியூப் இடிக்குதாம். காலர்ல குத்தணும்னு உங்க விதியில இருக்கு. அதான் ஒரு சட்டையைப் போட்டு..." அவர் தலையைச் சொறிந்தார். "எனக்கு முன்னாடி இருந்தவர் காலத்துலயே இப்படித்தான்."

"தண்ணி யாருக்கு?"

பக்கத்து மேசையில் இருந்த பெண் தூரிகையை நிறுத்தாமல் சொன்னாள்: "எழுபது ஐயாவுக்கு."

"யாரு?"

"அவர்தாம்மா. ஃபாரத்துல எழுபதுன்னு போட்டிருக்குல்ல, அதான் பேரு. புதுசா வர்ற பொண்ணுங்ககிட்ட முதல்லயே சொல்லிடுவோம், அங்க உட்காராதீங்க, அது அவர் இடம்னு."

"விளையாட்டா ஆரம்பிச்சது, மேடம்," என்றார் சூப்பர்வைசர். அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "டம்ளர் மட்டும் சாயங்காலம் காலியாத்தான் இருக்கு. யார் குடிக்கிறாங்கன்னு தெரியல."

நிபுணர் நாற்காலியை நோக்கி நடந்தாள். ஜன்னலை நெருங்க நெருங்க நெடி குறைந்து, பக்கத்தில் போனபோது காற்று சுத்தமாக இருந்தது. பதினொன்றுதான் இருக்கும். சத்தியமாகப் பதினொன்றுதான். அவள் இத்தனை வருஷம் கையெழுத்துப் போட்டது பொய்யில்லை. இந்த ஓர் ஆளுக்கு எந்தக் கேடும் இல்லைதான்.

சட்டையைக் கிட்டத்தில் பார்த்தாள். யாருமே போட்டிராத சட்டை. காலரின் உட்பக்கம் கழுத்து அழுக்கு வரி வரியாகப் படிந்திருந்தது. பசைத் தூசியாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். முழங்கையில் கை மடக்கி விழுந்த மடிப்புகளையும் பார்த்தாள். அதற்கு ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் கீழே பார்த்தாள்.

நாற்காலிக்கு அடியில் செருப்புகள். ஒரு வரிசையாக, முனை ஜன்னலைப் பார்க்க, ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள். ஒன்றுக்கும் ஜோடி இல்லை. எல்லாம் பெண்கள் செருப்பு, சின்னச் சின்னதாக. எண்ணினாள். பதினான்கு. கடைசியில் பச்சை வார் வைத்தது ஒன்று.

"இது என்ன?" என்று கேட்டாள்.

நாத்தனார்தான் எழுந்து வந்து பதில் சொன்னாள். நடையில் பாதம் தரையைத் தப்பு தப்பென்று அடித்தது. "கழண்டு விழுந்துடும் அண்ணி, யாருக்கும் தெரியாது. பெருக்குறவங்க எடுத்து ஐயா காலடியில வச்சிடுவாங்க. தொலைச்சவங்க அங்க போய்ப் பார்ப்போம். சனிக்கிழமை நான் பார்க்க மறந்துட்டேன் போல." சொல்லும்போதே அவள் முகம் மாறியது. அத்தனையையும் ஒன்றாக அவளும் அன்றுதான் எண்ணிப் பார்க்கிறாள். "பதினாலு பேருக்கா அண்ணி?"

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கினால் அதன் அடியில் இருப்பவர் கதியை யார் சொல்கிறார்கள்? அவள் குனிந்து பச்சைச் செருப்பை எடுத்து நாத்தனார் காலருகே வைத்தாள். அப்புறம் சட்டைக் காலரிலிருந்து குழாயைப் பிடுங்கினாள்.

"ஐயாவை எழுப்பாதீங்கம்மா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இதை இவங்க மேல மாட்டணும்," என்றாள் நாத்தனாரைக் காட்டி, சூப்பர்வைசரிடம்.

அவர் முகம் வெளிறியது. "நம்பர் ஏறிடும், மேடம். ஏறினா கூடத்தை மூடச் சொல்வீங்க. முப்பது குடும்பம்..."

நிபுணர் நாத்தனாரைப் பார்த்தாள். கட்டளை போடவில்லை. "நீ வேண்டாம்னா வேண்டாம்மா. இங்க இருக்கிறவங்க உன்னைத்தான் ஏசுவாங்க."

நாத்தனார் கொஞ்ச நேரம் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவை யாரோ ஒருத்தருடையவை போல. "ஏசட்டும். எனக்கு பயமா இருக்கு அண்ணி. மாட்டுங்க."

மாட்டினாள். பம்பின் சத்தம் மாறியது. திணறித் திணறி இழுத்தது. சாயங்காலம் எண் வந்தது. நூற்றெழுபத்து மூன்று.

கூடத்தை மூடினார்கள். மேசைக்கு மேசை நெடியை உறிஞ்சி வெளியே தள்ளும் குழாய் போட்ட பிறகுதான் திறக்கலாம், அதுவரை எல்லோருக்கும் சம்பளத்தோடு விடுப்பு என்று அவள் உத்தரவு எழுதினாள். அதோடு நிறுத்தவில்லை. படிவத்தில் எழுபதை அச்சடித்தது தன் தவறு, யார் அளந்தார்கள் என்று ஒரு தடவைகூட நேரில் போய்ப் பார்க்காதது அதைவிடப் பெரிய தவறு என்று கைப்பட எழுதி மேலிடத்துக்கு அனுப்பினாள். ஓய்வு பெற இன்னும் ஏழு வாரம்தான் இருந்தது.

நரம்பு மருத்துவர் நாத்தனாரின் காலைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை.

"திரும்பி வருமா அண்ணி?"

"முதல்ல இன்னும் கொஞ்சம் மோசமாகும். அப்புறம் மெல்ல மெல்ல வரும். எல்லாமே வருமான்னு எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுன்னு நீங்க சொல்லி இப்பத்தான் கேக்கிறேன்," என்றாள் நாத்தனார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வீட்டுக்காரர் அந்த வாரத்திலிருந்து சட்டையை நாற்காலியில் போடுவதை நிறுத்திவிட்டார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அவளுடைய படிவம் போயிருந்த தொழிற்சாலைகள் நானூறுக்கு மேல். எல்லாவற்றிலிருந்தும் புதுப் பம்பின் கோடுகள் வந்து திறக்கப்படாமல் கிடந்தன. அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதல் கோடு ஏறி இறங்கியது, உயிருள்ள ஆள். இரண்டாவதும் ஏறி இறங்கியது. பதினொரு மணிக்கு ஒருத்தி எழுந்து போய்ப் பத்து நிமிஷம் திரும்பவில்லை, அரட்டை அடித்திருப்பாள், மகராசி. அவளுக்கு மூச்சு வந்தது. அப்படியே இருபது, முப்பது.

முப்பத்தெட்டாவது, ஓர் அச்சகம். வேறு ஊர். வேறு முதலாளி. கோடு காலை எட்டிலிருந்து நேராக ஓடியது. சாப்பாட்டு மணிக்கு இறங்கவில்லை.

போனை எடுத்து அங்கே இருந்த பொறுப்பாளரைக் கூப்பிட்டாள்.

"உங்க கூடத்துல ஜன்னல் ஓரமா ஒரு நாற்காலி இருக்கா?"

"இருக்கு மேடம்." குரல் தயங்கியது. "நீங்க இங்க வந்ததே இல்லையே, எப்படி..."

"அதுக்கு அடியில கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

போனை மேசையில் வைக்கும் சத்தம். நடக்கும் சத்தம். தூரத்தில் இயந்திரங்கள் தடதடத்தன. அதற்கு நடுவே, வெகு சன்னமாக, உர்ர்ர் என்று ஒரே சீரான ஒரு மூச்சு. என்ன தேட வேண்டும் என்று தான் சொல்லவே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

காலடிகள் திரும்பி வந்தன.

"ஒன்பது, மேடம்," என்றார் அவர்.