சிவப்புப் பாறைகளுக்கு ஒரு ஒத்திகை

யென்ஸ் வீட்டில் படம் காட்டிய நாளிலிருந்துதான் நித்தியானந்தனுக்கு நடக்கிற பைத்தியம் பிடித்தது. அதற்கு முன்னர் மனிதர் டென்மார்க்கின் இக்காஸ்ட் ரயில் நிலையத்துக்குக்கூடக் காரில்தான் போவார். வீட்டு வாசலிலிருந்து எட்டு நிமிட நடை அது.

யென்ஸ் அவரோடு துணி ஆலையில் ஒரே ஷிஃப்டில் நிற்பவன். போன கோடையில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவின் பாலைவனத்துக்குப் போய், சிவப்புப் பாறைகளுக்கும் பள்ளத்தாக்குகளுக்கும் இடையில் பதினாறு நாள் நடந்துவிட்டு வந்தவன். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கோப்பியும் கேக்கும் வைத்து, யன்னல் சீலைகளை இழுத்து மூடிவிட்டு, சுவரில் படம் காட்டினான். இருநூற்று நாற்பது படங்கள். பாறைக்கு முன்னால் யென்ஸ் நின்றான். பிறகு பாறைக்கு முன்னால் அவன் மனைவி நின்றாள். பிறகு இன்னொரு பாறை வந்தது, அதற்கு முன்னால் பிள்ளைகள் நின்றார்கள். நித்தியானந்தனின் மனைவி யோகமலர் எண்பதாவது படம் வரை மரியாதையாகச் சுவரைப் பார்த்தாள். அதன் பிறகு கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உந்தக் கல்லுகளைப் பாக்கவோ உவ்வளவு தூரம் போனவை?" என்று காரில் ஏறியதும் கணவனிடம் கேட்டாள்.

"ஒண்டும் விளங்காமல் கதைக்காதையும். அது கோடிக்கணக்கான வருசத்துக் கல்லு."

"வயசு கூடினால் கல்லு கல்லில்லையெண்டு ஆகிடுமோ?"

நித்தியானந்தன் காரைக் கிளப்பினார். அவர் ஏற்கெனவே பாலைவனத்தில் இருந்தார்.

அதே மாதத்தில்தான் டெனிஷ் அரசாங்கமும் கவிழ்ந்தது. தமிழ் அகதிகளின் மனைவி பிள்ளைகளை நாட்டுக்குள் விடாமல், அவர்களுடைய விண்ணப்பங்களை வருடக் கணக்கில் கிடப்பில் போட்ட விவகாரம் விசாரணைக்கு வந்து, அறிக்கை வந்து, கடைசியில் பிரதமரே வீட்டுக்குப் போனார். யோகமலரும் பிள்ளைகளும் அந்தக் கிடப்பில் கிடந்தவர்கள்தான். எண்பத்தேழில் போட்ட விண்ணப்பத்துக்கு அவர்கள் வந்து இறங்கியது தொண்ணூறில். இதனால் நித்தியானந்தன் ஊரில் ஒரு பெரிய மனிதராகிவிட்டார். பத்திரிகை நறுக்குகளை ஒட்டிய தடித்த கோவை ஒன்று வைத்திருந்தார். சங்கக் கூட்டம், பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு எதுவென்றாலும் கோவை கூடவே போகும். ஆயிரம் நாள் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்த கதையை அவர் சொல்லும்போது ஆட்கள் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். பெட்டியின் பூட்டு எப்படித் துருப்பிடித்தது, பனியில் திறப்பு அதற்குள் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதெல்லாம் அந்தக் கதையில் இருந்தது. தபால் பெட்டிக்கு மற்றப் பக்கத்தில் இருந்தவர்கள் மட்டும் அதில் இல்லை.

யோகமலருக்கு இதுதான் நெஞ்சில் எரிந்தது. அவர்கள் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் கண்டதும் "பிரயாணம் சுகமோ?" என்று கேட்டார். விமானத்தைப் பற்றித்தான் கேட்டார். சுகம் என்றாள். அதோடு சரி. அந்த ஆயிரம் நாளும் அவள் இரண்டு பிள்ளைகளோடு எங்கே இருந்தாள், எப்படி இருந்தாள் என்று அவர் ஒரு தரம் கேட்கவேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. தானாக வாய் திறந்து சொல்வதில்லை என்று ஒரு வீம்பு. மூன்று வருடமாகிவிட்டது. மனிதர் தபால் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

இப்போது பாலைவனத்துக்குப் போய்விட்டார்.

"இழந்த மூண்டு வருசத்தையும் ஒரே ஃபெரியேயில பிடிச்சுப்போடலாம்," என்றார் ஒருநாள், கோடை விடுமுறைக்கு டெனிஷ்காரர் சொல்லும் சொல்லையே சொல்லி. "யென்ஸ் சொல்லுறான், ஒண்டா நடந்தால்தான் குடும்பம் குடும்பமாகுமாம்."

"அப்ப நாங்கள் இப்ப என்ன? பஸ்ஸுக்கு நிக்கிற சனமோ?"

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு வரைபடம் ஏறியது. எந்த நாள் எத்தனை கிலோமீற்றர், தலைக்கு எத்தனை லீற்றர் தண்ணீர் என்று சிவப்புப் பேனையால் எழுதினார். முதியோர் இல்லத்தில் எட்டு மணித்தியாலம் காலில் நின்றுவிட்டு வந்து பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் யோகமலர் அமெரிக்காவைத் தள்ளித்தான் திறக்கவேண்டியிருந்தது. பிறகு யென்ஸ் எழுதிக்கொடுத்த பட்டியல் வந்தது. கொண்டுபோக வேண்டிய சாமான் முப்பத்தேழு. அடிவரைக்கும் வாசித்தாள். இரட்டைக் காலுறை, விசில், காய்ந்த பழங்கள், கால் கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர், வெய்யில் பட்டுத் தோல் கருகாமல் இருக்கக் களிம்பு.

"உது ஆருக்கு, களிம்பு?"

"எல்லாருக்கும்தான்."

யோகமலர் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவருடைய கையைப் பார்த்தாள். கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிள்ளைகளிடம் வரைபடத்தைக் காட்டினார். எட்டு வயது லவன் ஒரு தரம் பார்த்துவிட்டு, "யாய் கிடர் இக்க," என்றான். பஞ்சியாக, அலுப்பாக இருக்கிறது என்பதை அவன் எப்போதும் டெனிஷில்தான் சொல்வான். பதின்மூன்று வயது சுஜீதா வரைபடத்தைக் கனநேரம் பார்த்தாள். எத்தனை நாள் நடக்கவேண்டும் என்று டெனிஷில் கேட்டாள். பதினாறு என்றார். நாலு பேரும் ஒன்றாகத்தான் நடப்போமா, இடையில் பிரிய வேண்டி வருமா என்று கேட்டாள்.

"ஒண்டாத்தான், ஒண்டாத்தான்," என்றார் நித்தியானந்தன். மனைவி பக்கம் திரும்பி, "பாத்தீரோ, பிள்ளைக்கு எவ்வளவு விருப்பமெண்டு," என்றார்.

சுஜீதாவின் முகத்தில் விருப்பம் எங்கே இருந்தது என்று யோகமலருக்குத் தெரியவில்லை. ஆனால் கணவனை நையாண்டி பண்ணுகிற மும்முரத்தில் அதை அவள் மேற்கொண்டு பார்க்கவில்லை.

சித்திரை கடைசியில், வருகிற திங்கட்கிழமை பயண முகவரிடம் போய் நாலு பேருக்கும் கையெழுத்து வைப்பது என்று முடிவாகியது. அதற்கு முந்திய சனிக்கிழமை ஒரு ஒத்திகை நடை. யென்ஸ் குடும்பமும் அப்படித்தான் செய்ததாம். ஆளுக்கொரு முதுகுப் பை, ஆளுக்கொரு சோடி மலையேறும் சப்பாத்து. யோகமலர் சப்பாத்தைப் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை. "நீண்ட பயணத்துக்கு என்ன தேவையோ அதைத் தங்கட தங்கட பையில தாங்களே அடுக்கவேணும்," என்று பிள்ளைகளுக்குக் கட்டளை பிறந்தது. பட்டியலில் ஒரு பிரதி சுஜீதாவிடம் கொடுக்கப்பட்டது. பிளாஸ்டருக்கு அவள் பொறுப்பு.

ஒத்திகைக்குத் தெரிந்தெடுத்த மலை ஹிம்மெல்பியேர்கெட். பெயருக்கு அர்த்தம் வானமலை. உயரம் நூற்று நாற்பத்தேழு மீற்றர். டெனிஷ்காரர் ஒரு மேட்டைக் கண்டால் அதற்கு வானத்தின் பெயரை வைத்துவிட்டு, மேலே ஒரு கோபுரமும் கட்டி, கீழே ஐஸ்கிரீமும் விற்பார்கள். இக்காஸ்டிலிருந்து ரயிலேறி றியூவில் இறங்கி, ஏரிக்கரைக் காட்டுப் பாதையால் நடந்தார்கள். முன்னால் நித்தியானந்தன், கழுத்தில் வரைபடம். அந்தப் பாதையில் தொலைந்துபோக வேண்டுமென்றால் ஒருவர் மெனக்கெட்டு முயற்சி செய்யவேண்டும். ஐந்நூறு மீற்றருக்கு ஒரு அம்புக்குறி இருந்தது. ஆனாலும் அவர் ஒவ்வொரு அம்புக்குறியிலும் நின்று வரைபடத்தைச் சரிபார்த்தார். வேலைக்குப் போகிற ரப்பர்ச் சப்பாத்தோடு யோகமலர் பின்னால் நடந்தாள்.

நாலாவது கிலோமீற்றரில் அவர் நொண்டத் தொடங்கினார்.

"கால் கடுக்குதோ?"

"இல்லை. சப்பாத்து இன்னும் பழகேல்லை."

"சப்பாத்தோ பழகேல்லை?"

ஐந்தாவது கிலோமீற்றரில் பாதையோர மர வாங்கு ஒன்றில் தொப்பென்று இருந்துவிட்டார். பதினாறு நாள் பாலைவனத்தில் நடக்கப்போகிற வீரர் நிழலில் இருந்து மூச்சு வாங்கினார். யோகமலருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இதை வைத்தே திங்கட்கிழமையைக் கவிழ்த்துவிடலாம் என்று உள்ளே சந்தோசப்பட்டாள்.

"பிள்ளை, அந்தப் பிளாஸ்டரை எடும்."

சுஜீதா அசையவில்லை. பை வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் எட்டி அவள் தோளிலிருந்து பையைக் கழற்றி, மடியில் வைத்துத் திறந்தார்.

ஒரு பொலித்தீன் பைக்குள் இன்னொரு பொலித்தீன் பை. அதற்குள் நாலு பேருடைய பயணப் பத்திரங்கள், வதிவிட அனுமதிக் கடிதங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், லவனின் தடுப்பூசி அட்டை. அதற்குக் கீழே இரண்டு மெழுகுதிரி, ஒரு தீப்பெட்டி, ஒரு பைக்கற் சீனி, மடித்த படுக்கை விரிப்பு, லவனின் காற்சட்டை மூன்று. அடியில் கைலேஞ்சி ஒன்றில் இறுக்கி முடிந்திருந்தது. முடிச்சை அவிழ்த்தார். யோகமலர் அலுமாரியில் பூட்டி வைத்திருந்த காப்புகள் இரண்டும் கிடந்தன. பிளாஸ்டர் இல்லை. பட்டியலில் இருந்த முப்பத்தேழில் ஒன்றுகூட இல்லை.

"இதென்ன கூத்துப் பிள்ளை? பட்டியல் தந்தனான்தானே?"

லவன்தான் முறைப்பாட்டை வைத்தான். அக்கா தன் ஜக்கெட்டுக்குள்ளும் எதையோ குத்தியிருக்கிறாள், அது உரசுகிறது என்று டெனிஷில் சொன்னான். நித்தியானந்தன் அவனைக் கிட்ட இழுத்து ஜக்கெட்டைத் திறந்து பார்த்தார். உட்பக்கத்தில் சட்டை ஊசியால் ஒரு கடதாசி குத்தப்பட்டிருந்தது. லவனின் முழுப்பெயர், பிறந்த திகதி, அதற்குக் கீழே இன்னொரு பெயரும் விலாசமும். இரண்டும் சுஜீதாவின் வகுப்பு ஆசிரியையுடையவை.

யோகமலருக்கு முட்டி நின்ற சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த மாதிரிக் கடதாசியை அவளுக்குத் தெரியும். அப்படி ஒன்றை முதன்முதல் எழுதிக் குத்தியது அவளுடைய கைதான்.

"இதை ஆர் உனக்குக் காட்டித்தந்தது?" என்று கேட்டார் நித்தியானந்தன்.

சுஜீதா இந்த முறை தமிழில் பேசினாள். "அம்மாதான். உரும்பிராயில இருந்து நாங்கள் நடந்த அண்டைக்கு என்ர சட்டையில குத்திவிட்டவா. தனக்கு ஏதும் நடந்தால் ஆரும் எடுத்துப் பாப்பினம் எண்டு. தம்பியின்ர கையை விடக்கூடாதெண்டும் சொன்னவா. அதில உங்கட பேரும் டென்மார்க் விலாசமும் இருந்தது."

கைத்தடிகளோடு ஒரு வயோதிபத் தம்பதி அவர்களைக் கடந்து போனது. நல்ல நடையாக அமையட்டும் என்று இருவரும் சிரித்த முகத்தோடு வாழ்த்திவிட்டுப் போனார்கள். நித்தியானந்தன் கடதாசியைக் கழற்றி எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இதில ஏன் பிள்ளை ரீச்சரின்ர பேர் கிடக்கு? என்ர பேரைப் போடேல்லையே?"

"இந்தமுறை நீங்களும் எங்களோட நடக்கிறியள்தானே, அப்பா."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கு ஏன் அப்படி வந்தது என்று விளக்குகிற மாதிரித்தான் சொன்னாள். யோகமலர் மகளைப் பார்த்தாள். மூன்று வருடமாகத் தன்னை ஒருவரும் கேட்கவில்லை என்று முறைத்துக்கொண்டு திரிந்தவள், பக்கத்து அறையில் படுக்கிற இந்தப் பிள்ளையை ஒரு தரமாவது கேட்டாளா? ஏழு வயதில், ஊரில் சண்டை நடந்த நேரம், தம்பியை இழுத்துக்கொண்டு வல்லை வெளியைத் தாண்டியவள் அவள். ஒதுங்க ஒரு மரமில்லாத அந்த வெளியில், மேலே ஹெலி சுற்ற, எத்தனை தரம் நிலத்தில் குப்புறப் படுத்தாள் என்று தாய்க்கே கணக்கில்லை. பிள்ளை எண்ணி வைத்திருப்பாள். கணவனை இளக்காரம் பண்ணிப் பண்ணித் தானும் அவரைப் போலவே இருந்துவிட்டோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

நித்தியானந்தன் சாமான்களைத் திரும்பப் பைக்குள் வைக்கத் தொடங்கினார். எடுத்த ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாக வைத்தார். காப்புகளை முடிந்தார். முடிச்சு இளகியது, அவிழ்த்துத் திரும்பவும் முடிந்தார். கடதாசியை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தார்.

"எவ்வளவு தூரம் நடந்தனீங்கள், மலர்?" என்றார்.

இந்தக் கேள்விக்காக மூன்று வருடமாகத் தீட்டி வைத்திருந்த பதில்கள் அவளிடம் ஒரு டசின் இருந்தன. அதில் ஒன்று வாயில் வந்தும்விட்டது.

"உங்கட கோவையில இருக்கும், பாருங்கோ."

அவர் தலையைக் குனிந்தார். சுஜீதா தாயையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். யோகமலர் மகளின் கையைப் பிடித்து இழுத்து வாங்கில் இருத்தினாள். லவனை மடியில் தூக்கி வைத்தாள். பிறகு கணவனின் கால்களைப் பார்த்தாள்.

"முதல்ல உந்தச் சப்பாத்தைக் கழட்டுங்கோ," என்றாள். "நான் சொல்லப்போறது கெதியில முடியிற கதையில்லை. பிள்ளையும் சொல்லுவாள்."