அக்கா வீட்டு பேட்டரி

சின்னவளின் வேலை வீட்டு பேட்டரிகளைக் கண்காணிப்பது. கூரையில் சோலார் தகடு போட்ட வீடுகளில் சுவரோரம் நிற்கும் பேட்டரிகளெல்லாம் அவள் மேசைத் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். எந்த வீட்டில் எது எப்போது மின்சாரம் இழுக்கிறது என்பதும் அதில் தெரியும். ஒன்று சூடேறினாலோ சார்ஜ் இறங்கினாலோ கட்டம் சிவக்கும். அவள் வீட்டுக்காரரைக் கூப்பிடுவாள். தேவைப்பட்டால் எலக்ட்ரீஷியனை அனுப்புவாள். பச்சையாக இருக்கும் வீட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அதில் ஒரு கட்டம் அவள் அக்காவுடையது. மாமா போன பிறகு அக்கா தனியாகத்தான் இருந்தாள். "நான் பாத்துக்கறேன், நீ கவலையே படாதே" என்று சொல்லி அந்த பேட்டரியை அவள் தலையில் கட்டியது சின்னவள்தான்.

வம்பு ஒரு போன் பேச்சில் வந்தது.

"என்னக்கா, இப்பல்லாம் ரெண்டு வேளையும் ஹீட்டர் ஓடுது? முதுகுவலியா?"

அக்கறையாகத்தான் கேட்டாள். அக்காவுக்குச் சுருக்கென்றது.

"நான் எப்பக் குளிக்கிறேன்னு உக்காந்து பாத்துக்கிட்டிருக்கியா? இதுக்குத்தான் இந்தப் பெட்டியை மாட்டிவிட்டியா? இனிமே என் வீட்டுப் பக்கம் பாக்காதே!"

சின்னவளும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பேச்சு நின்றுபோனது.

பிறகு ஒருநாள் அக்கா வீட்டில் ஹீட்டர் ஓடவில்லை. பிரிட்ஜ் மட்டும் மெல்ல மின்சாரம் இழுத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஒரு விளக்குகூட எரியவில்லை. பெரிய செலவில்லாத பேட்டரி முழுசாக நிரம்பிப் பச்சையாக நின்றது. சின்னவள் அதைக் கவனிக்காமல் இல்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலை பாரு என்று நினைத்தாள். போனைக்கூடக் கையில் எடுத்தாள். பாக்காதேன்னு சொன்னவதானே, இருக்கட்டும் என்று கீழே வைத்துவிட்டாள்.

மறுநாளும் அதே பச்சை. மதியம் எலக்ட்ரீஷியன் கூப்பிட்டார். வயர்களைச் சரிபார்க்கும் வழக்கமான சுற்றில் அந்தத் தெருவுக்குப் போயிருந்தார்.

"மேடம், உங்க அக்கா பாத்ரூம்ல விழுந்து கெடக்கறாங்க. ஜன்னல் பக்கம் முனகல் கேட்டுச்சு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். நினைவு இருக்கு, பயப்படாதீங்க. உடனே வாங்க."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்த அக்கா, உதடு வெடித்துக் கிடந்த வாயோடு நர்ஸிடம் பெருமை பேசினாள்.

"இவதாம்மா என் தங்கச்சி. கம்ப்யூட்டர்ல பாத்தே ஏதோ சரியில்லைன்னு கண்டுபிடிச்சு ஆளை அனுப்பிட்டா. கீழே கெடந்தப்ப அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன், சின்னவ பாத்துடுவா, சின்னவ பாத்துடுவான்னு."

இதற்கு நடுவில் மேனேஜர் வேறு போன் செய்தார். நம்ம கண்காணிப்பால ஒரு உயிர் பிழைச்சிருக்கு, எல்லாருக்கும் சொல்லணும் என்றார். அப்படி எதுவும் நடக்கலை சார் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். நர்ஸ் வெளியே போகும்வரை காத்திருந்தாள்.

"அக்கா, அந்த எலக்ட்ரீஷியனை நான் அனுப்பலை. அவரா வந்தார்."

"என்னடி சொல்றே?"

"நீ புழங்கலைன்னு முதல் நாளே தெரிஞ்சுது. உன்மேல கோவம். அதான் கூப்பிடலை."

அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலையே என்றிருந்தது சின்னவளுக்கு. சுவரைப் பார்த்தபடியே அக்கா சொன்னாள்.

"அந்த எலக்ட்ரீஷியன் நம்பரைக் குடு. அவருக்கு நான் ஒரு வார்த்தை சொல்லணும்."

அதற்குப் பிறகு சின்னவள் சத்தமில்லாத பச்சை வீடுகளையும் கூப்பிட ஆரம்பித்தாள். "நிம்மதியா ஊருக்குப் போகக்கூட உங்கிட்ட கேக்கணுமாம்மா?" என்று ஒருவர் எரிந்து விழுந்தார். "தாராளமாப் போயிட்டு வாங்க சார்" என்றாள்.

அக்காவை நடக்கப் பழக்கும் வேலையும் அவளுடையதுதான். அக்கா பேசினாள், தண்ணி, மாத்திரை, நாற்காலி என்று தேவைக்கு மட்டும். நர்ஸிடம் பெருமை பேசுவதை விட்டுவிட்டாள். ஒரு காலை வராந்தாவில் நடக்கும்போது கால் தடுமாறி, முழுப் பாரத்தையும் தங்கை தோளில் போட்டு அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்லைக்கா."

வலித்தது. சின்னவள் தோளை நகர்த்தவில்லை.