எழுநூற்றைம்பது ரூபாய்க்குள் ஒரு வீடு

"உங்க வீட்டுத் தரை எப்படிப்பட்டது?" என்று அம்மிணியம்மாவின் வக்கீல் கேட்டபோதே காரியம் கெட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் மிரட்டிக் கேட்டிருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டேன். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று விசாரிப்பதுபோல் அத்தனை இதமாகக் கேட்டார். கூண்டில் நின்றது என் மனைவி ஒச்சம்மாள். கூண்டு என்று நான்தான் சொல்கிறேன். எர்ணாகுளத்தில் நில ட்ரிப்யூனல் நடந்த அறையில் ஒரு மேசையும் நாலு நாற்காலியும் தவிர வேறொன்றும் கிடையாது. அந்த மேசைக்கு முன்னால் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். தரையைப் பற்றி அவளிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்பது பதினேழு வருஷம் அவளோடு குடித்தனம் நடத்திய எனக்குத் தெரியாதா?

"செவப்பு சிமெண்டுத் தரைங்க. எலை போடாமச் சோத்தக் கொட்டித் திங்கலாம்" என்றாள்.

வக்கீல் அதை மலையாளத்தில் விசாரணை அதிகாரிக்குச் சொல்லி, பதிவு செய்துகொள்ளும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டார். கூரை என்ன கூரை என்றார். ஆலுவாயிலிருந்து வந்த ஓடு, ஒரு மழைக்கும் ஒழுகியதில்லை என்றாள். சுவர்? பூசிய சுவர், வருஷம் தவறாமல் ஓணத்துக்கு முன்னால் வெள்ளையடிப்போம் என்றாள். மட்டாஞ்சேரியில் கிடங்குத் தொழிலாளிகள் குடியிருக்கிற வீடுகளில் உங்களுடையதுதான் ஒன்றாந்தரம் என்று சொல்லலாமா என்று கடைசியாகக் கேட்டார். சொல்லலாம் என்றாள். அவள் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். எங்கள் யூனியன் செயலாளர் கபீர் என் பக்கத்தில் தலையில் கை வைத்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். மட்டாஞ்சேரியில் காயலை ஒட்டி அம்மிணியம்மாவுக்கு ஒரு சுக்குக் கிடங்கு. நான் அங்கே சாக்கு தைக்கிறவன். கிடங்கின் பின்வாசலில், படகு வந்து அணைகிற துறைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஐம்பத்தேழில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து நாங்கள் வந்தபோது அம்மிணியம்மாவின் கணவர் கட்டி, இருந்துகொள்ளச் சொல்லி விட்ட இடம். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. இப்போது எறால் பதப்படுத்துகிற கம்பெனி ஒன்று மொத்த வளாகத்தையும் விலைக்குக் கேட்கிறது. ஆனால் துறையின் முகப்பில் எங்கள் வீடு இருக்கும்வரை வாங்கமாட்டார்களாம். அதற்குள் சர்க்கார் சட்டம் கொண்டுவந்துவிட்டது. குடிகிடப்புக்காரன், அதாவது அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டோ, கொடுத்த குடிசையிலோ இருப்பவன், நகரத்துக்குள் என்றால் மூன்று சென்ட் நிலத்தைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நிலத்துக்காரர் கட்டிக்கொடுத்தது என்றால், அது கட்டும்போது எழுநூற்றைம்பது ரூபாய்க்கு மேல் செலவாகியிருக்கக் கூடாது, அல்லது மாதம் ஐந்து ரூபாய் வாடகைக்கு மேல் பெறாததாக இருக்கவேண்டும். அப்போதுதான் அது குடிசை. அதற்கு மேல் போனால் வீடு. வீடு என்றால் நாங்கள் வெறும் குடித்தனக்காரர்கள், மூட்டை கட்டவேண்டியதுதான்.

ஆக, வீடு எவ்வளவு மட்டமோ அவ்வளவுக்கு எங்களுக்கு நல்லது. இதைக் கபீர் அவளுக்கு மூன்று நாள் சொல்லிக்கொடுத்தான். அவளுக்குப் புரியாமல் இல்லை. நாக்கு வளையவில்லை, அவ்வளவுதான்.

அதிகாரி எங்களை உடனே விரட்டிவிடவில்லை. நல்ல மனிதர். இன்றைக்கு வீடு எப்படி இருக்கிறது என்பது கணக்கில்லை, கட்டிய அன்றைக்கு எப்படி இருந்தது என்பதே கேள்வி என்றார். பலகையும் ஓலையுமாக இருந்த குடிசையை நாங்கள் சிறுகச் சிறுக மாற்றினோம் என்று நான் சொன்னேன். இல்லை, என் கட்சிக்காரரின் கணவர் கட்டியதே இந்த நல்ல வீட்டைத்தான் என்றார் வக்கீல். ஓடு வாங்கிய ரசீது, சிமெண்ட் ரசீது ஏதாவது உண்டா என்றார் அதிகாரி. கழித்துப் போட்ட ஓடுகளையும் மிஞ்சின சிமெண்டையும் கப்பல் துறையிலும் கட்டடவேலை நடக்கும் இடத்திலும் கேட்டு வாங்கிச் சுமந்து வந்தவனுக்கு யார் ரசீது கொடுப்பார்கள்? வருவாய் ஆய்வாளர் நேரில் வந்து பார்த்து அறிக்கை தருவார், அதன்படி உத்தரவு என்று முடித்துவிட்டார்.

திரும்பி வருகிற படகில் அம்மிணியம்மாவும் இருந்தார். எதிர்ப் பலகையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், ஒச்சம்மாளைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டார். சாயா மட்டும் குடித்தோம் என்று இவள் சொன்னாள். தன் பையிலிருந்து இரண்டு பழம் எடுத்துக்கொடுத்தார், இவளும் வாங்கிக்கொண்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் இருவருக்கும் பழக்கம் அப்படி. யார் விருந்தாளி வந்தாலும் கிடங்கைக் காட்டிவிட்டு, வா, ஒச்சம்மாளின் வீட்டைப் பார் என்று எங்கள் வீட்டுக்குக் கூட்டிவருவார் அம்மிணியம்மா. செருப்பை வெளியே கழற்றச் சொல்வதுகூட அவர்தான். அந்தப் பெருமையைத்தான் வக்கீலிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

ஆய்வாளர் வருகிற தேதி தெரிந்ததும் கபீர் ஒரு யோசனையோடு வந்தான். முன்பக்கத்து ஓட்டைக் கழற்றிவிட்டு ஓலை போட்டுவிடலாம், தரையில் சாணியைக் கரைத்து மெழுகிவிடலாம், நாலு உடைந்த சட்டியை அங்கங்கே போட்டுவைக்கலாம், ஆட்களைத் தான் அனுப்புகிறேன் என்றான். ஒச்சம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"தம்பி, வீட்டக் கேக்கத்தான போறோம். பொய்யச் சொல்லி வாங்கின வீட்டுல நான் எப்பிடித் தூங்குறது?"

"அக்கா, இது பொய்யில்ல, தந்திரமாக்கும்" என்றான் கபீர்.

"என் வீட்டுல சாணி மெழுகுறதுக்கு நான் உசிரோட இருக்கையில எவளும் வரக் கூடாது."

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அவன் போன பிறகு அவள் செய்த காரியம்தான் எனக்குக் கோபம் மூட்டியது. சுண்ணாம்பைக் கரைத்து, நீலம் ஒரு சிட்டிகை போட்டு, முன்னறைச் சுவர் முழுக்க வெள்ளையடித்தாள். வருகிறவர் சர்க்கார் ஆள், வீடு அழுக்காக இருந்தால் என்ன நினைப்பார் என்றாள். நான் அன்று சாப்பிடவில்லை. அவள் இரண்டு பேர் சோற்றையும் ஒழுங்காக எடுத்து மூடிவைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். நன்றாகத் தூங்கவும் செய்தாள்.

ஆய்வாளர் சிவராமகிருஷ்ணன் பாலக்காட்டுக்காரர். கையில் அளவு நாடா, அட்டை போட்ட நோட்டு, வெயிலுக்குக் குடை. தமிழ் பேசுகிறவர் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அம்மிணியம்மாவும் வக்கீலும் முன்பே வந்து நின்றிருந்தார்கள். ஆய்வாளர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நீளம் அகலம் அளந்தார். தரையைக் குனிந்து தடவிப் பார்த்தார். அடுக்களையில் அடுக்கியிருந்த பாத்திரங்களைப் பார்த்து, நன்னா வச்சிருக்கேள் என்றார். வக்கீல் சிரித்தார். பிறகு ஆய்வாளர் முன்னறைச் சுவரை விரல் முட்டியால் தட்டினார். கெட்டியாகச் சத்தம் வந்தது.

இந்தச் சுவரைப் பூசியது நாங்கள், உள்ளே இருப்பது பழைய பெட்டிப் பலகை என்று நான் சொன்னேன். கோழிவலையை ஆணியடித்து அதன் மேல் பூசினோம், அறுபத்து மூன்றில், மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று என்றெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது நெஜமா இருக்கும், நான் இல்லேங்கலை. ஆனா ரிப்போர்ட்ல என் கண்ணு காணறதைத்தான் எழுத முடியும். காதால கேட்டதை எழுதப்படாது. இங்க நான் காணறது ஒரு நல்ல செவரு."

அவர் பேனாவைத் திறந்தார். பதினேழு வருஷம், ஒரு பேனாவின் மூடியைக் கழற்றுகிற நேரத்தில் முடிந்துவிடும் என்று பட்டது. அம்மிணியம்மா ஜன்னல் வழியே காயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரே, ஒரு நிமிசம் எழுதாம இருங்க" என்று சொல்லிவிட்டு ஒச்சம்மாள் அடுக்களைக்குள் போனாள். காப்பி கொண்டுவரப் போகிறாள் என்று நினைத்தேன். உலக்கையோடு வந்தாள். இரும்புப் பூண் போட்ட உலக்கை. அந்தச் சுவருக்கு எதிரே காலை அகட்டி வைத்து நின்றாள். ஒச்சு, வேண்டாம் என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

முதல் இடிக்குச் சுவரில் ஒரு கீறல்தான் விழுந்தது. புதிதாக அடித்த வெள்ளை அவள் முகத்தில் தெறித்தது. இரண்டாவது இடிக்குக் கையகலம் பெயர்ந்தது. அவள் கோபமாக இடிக்கவில்லை. நெல் குத்துவதுபோல் அளவாக, ஒரே இடத்தில், மூச்சைப் பிடித்து இடித்தாள். அந்தச் சுவரை மட்டம் பார்த்துத் தேய்க்க நாங்கள் இரண்டு பேரும் பட்ட பாடு எனக்கு ஞாபகம் வந்தது. சொல்வதற்கு வெட்கமென்ன, அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. பூச்சு பாளம் பாளமாகச் சிவப்புத் தரையில் விழுந்தது. துருவேறிய கோழிவலை தெரிந்தது. அவள் உலக்கையை என்னிடம் கொடுத்துவிட்டு வலையை இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தாள்.

உள்ளே தேயிலைப் பெட்டிப் பலகை. விரல் கனம்கூட இல்லாத ஒட்டுப்பலகை, ஓரத்தில் தகரப்பட்டை. உடைந்து போய்க் குப்பைக்குத் தள்ளிய பெட்டிகளை அறுத்து நிறுத்தியது. அதன் மேல் கறுப்பு மையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் தும்பிக்கையைத் தூக்கிய யானை, கீழே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு. அம்மிணியம்மாவின் கணவர் சுக்குக்கு மாறுவதற்கு முன்னால் தேயிலை ஏற்றுமதி செய்தபோது அவர் கம்பெனி போட்ட முத்திரை.

"இதுதான் சாரே அவுக வீட்டு முதலாளி குடுத்த செவரு. மத்ததெல்லாம் நாங்க போட்டது. இப்பக் கண்ணு காங்குதா? இன்னும் வேணுமின்னா நாலு பக்கமும் இடிக்கிறேன். தரையவும் வெட்டுறேன்."

"வேண்டாம்மா, போறும்" என்றார் ஆய்வாளர். அவர் குரல் இறங்கியிருந்தது. இந்த முத்திரை யாருடையது என்று பொதுவாகக் கேட்டார். வக்கீல், பலகையை எங்கிருந்து வேண்டுமானாலும் பொறுக்கியிருக்கலாமே என்று ஆரம்பித்தார். அதற்குள் அம்மிணியம்மா பக்கத்தில் வந்துவிட்டார்.

"என்டெ ஆளுடேதாணு" என்றார். என் வீட்டுக்காரருடையதுதான். "வேற யாருக்கும் யானை கிடையாது."

வக்கீல் தன் ஃபைலை மூடினார். ஆய்வாளர் பலகையின் கனத்தை நாடாவால் அளந்து எழுதினார், யானையைச் சின்னதாகப் படமே வரைந்துகொண்டார், வருஷத்தைக் குறித்தார். உத்தரவு வரும்வரை அந்த ஓட்டையை அடைக்கக் கூடாது, மறுபடியும் யாராவது பார்க்க வரலாம் என்று சொன்னார். உத்தரவு எப்போது வரும் என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை, மழைக்கு முன்னால் வரலாம், பின்னாலும் வரலாம் என்றார். எங்கள் பக்கம்தான் வரும் என்று அவர் சொல்லவில்லை. வாசலில் செருப்பைப் போடும்போது மட்டும் ஒச்சம்மாளைப் பார்த்துக் கைகூப்பினார். வக்கீல் அவரோடு பேசிக்கொண்டே போனார்.

அம்மிணியம்மா போகவில்லை. ஓட்டைக்கு முன்னால் நின்றிருந்தார். ஒச்சம்மாள் அதற்குள் சல்லடையை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். விழுந்த பாளங்களைத் தட்டிப் பொடித்து மணலைச் சலிக்கத் தொடங்கினாள். நல்ல ஆற்றுமணல், பெரியாற்றிலிருந்து வந்தது, வீணாக்குவானேன் என்றாள். உத்தரவு வந்த மறுநாளே பூசிவிட வேண்டும் என்றும், அதற்குள் நான் எங்காவது அரை மூட்டை சிமெண்ட் பார்த்து வைக்கவேண்டும் என்றும் எனக்குக் கட்டளை வந்தது.

"எடீ, பூசறதுக்கு முன்னால அந்தப் பலகையை எனக்குத் தருமோ?" என்று அம்மிணியம்மா கேட்டார். வழக்குப் போட்டவர் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குத் தோன்றியது.

ஒச்சம்மாள் சல்லடையை நிறுத்தவில்லை. "உத்தரவு வரட்டும்மா. அது எங்க செவருன்னு ஆனப்பெறகு நானே அறுத்துத் தாரேன். இப்பத் தந்தா வீடு விழுந்துரும்."

அம்மிணியம்மா தலையாட்டினார். அந்த ஓட்டை வழியே காயல் காற்று பலகை இடுக்கில் புகுந்து உள்ளே வந்தது. எத்தனையோ வருஷமாக அந்தச் சுவரில் வராத காற்று. அவர் முண்டின் நுனியைத் தண்ணீர்ச் செம்பில் நனைத்துக்கொண்டு, யானையின் தும்பிக்கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை மெல்லத் துடைக்கத் தொடங்கினார். கீழே சல்லடையிலிருந்து மணல் விழுந்துகொண்டிருந்தது.