எட்வினின் தோள் அளவு

எட்வினுடைய வலது கை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்றரை அங்குலம் நீண்டிருந்தது. கழுத்தும் இடப்பக்கமாக இரண்டு விரற்கடை நகர்ந்திருந்தது. வெங்காயம் அன்று கிலோ முப்பத்தெட்டு. காஞ்சன்பாக் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அந்த மனுஷனுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஒரு தனியார் அருங்காட்சியகத்தின் பழைய வேட்டைத் துப்பாக்கிகள் மூன்றை நாட்டுவாரியாக ஒப்பிட்டு எழுதித்தர ஒப்புக்கொண்டிருந்தார். முதல் நாளே ஃபிட்டர் புத்தியைக் காட்டிவிட்டார். பொருத்திப் பார்க்காமல் எதையும் எழுதக்கூடாதென்று இங்கிலாந்துத் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். அந்த நாட்டுக்காரர்கள் வாங்குபவரின் கை, கழுத்து, கண் எல்லாவற்றையும் அளந்து, அவருக்கென்றே தோள்கட்டையைச் செதுக்குவார்கள். இது எப்போதோ செத்துப்போன ஒரு நெட்டைக்கை ஜாகீர்தாருக்குச் செய்தது. கட்டை மாறாது என்பதால் எட்வின் மாறினார்.

வலி ஒன்றுமில்லை. பயமெல்லாம் சனத்நகர் வீட்டில் இருந்தது. மனைவி ஸ்டெல்லா தையல்காரி. ஊருக்கெல்லாம் டேப் பிடிப்பாள், புருஷனுக்கு மட்டும் முப்பத்துநான்கு வருஷமாகக் கண்ணளவுதான். அவளுக்கே தன்னை அடையாளம் தெரியாமல் போய்விட்டால்? முள்ளை முள்ளால் எடுக்கலாமென்று புதன்கிழமை பெல்ஜியத் துப்பாக்கியைத் தூக்கினார். அங்கே குழல் ஒரு வீட்டில், விசை ஒரு வீட்டில், கட்டை ஒரு வீட்டில் என்று தெருத்தெருவாகப் பிரித்துச் செய்வார்கள். அன்று அவருடைய இடது கால் பால் வாங்கப் போனது, வலது கால் சர்ச்சுக்குக் கிளம்பியது. வியாழனன்று ஜெர்மனி. இரண்டு குழலில் சிதறுகுண்டு, மூன்றாவதில் தனிக்குண்டு. முயல் வந்தாலும் சரி, பன்றி வந்தாலும் சரி என்ற முன்ஜாக்கிரதை. அதன்பின் எட்வின் மே மாத வெயிலில் குடை, ஸ்வெட்டர், டார்ச் மூன்றும் இல்லாமல் வாசலைத் தாண்டவில்லை. கை மட்டும் குறைந்தபாடில்லை.

சனிக்கிழமை ஸ்டெல்லா கேட்டேவிட்டாள். “நாலு நாளா கைய முதுகுக்குப் பின்னாலயே வச்சிருக்கீங்க. காட்டுங்க.”

காட்டினார். டேப்பையும் அவரே எடுத்து நீட்டினார். “அளந்துக்கோ ஸ்டெல்லா. பழைய சட்டை எதுவும் சேரல. நான் வேற யாரோ ஆயிட்டேன்.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

“நக்கோ, டேப்பெல்லாம் வேணாம். அளந்து தச்சா சட்டை அந்த வேற யாரோவுக்குத் தச்சதாயிடும். என் புருஷனுக்கு என்ன அளவுன்னு எனக்குத் தெரியும். ஒடம்பு அந்த அளவுக்கு வந்து சேரட்டும்.”

ஞாயிறு பூசைக்கு நீலக்கோடு போட்ட சட்டை தயாராகிவிட்டது. போட்டபோது மணிக்கட்டுக்கு மேல் ஒன்றரை அங்குலம் வெளியே தெரிந்தது. காணிக்கை எடுக்கும்போது கழுத்து நடுவுக்கு நகர்ந்து, பட்டன் பொருந்தியது. ஆசீர்வாதம் முடிவதற்குள் சட்டைக்கையின் முனை மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. கால்கள் இரண்டும் ஒரே வழியில் வீடு திரும்பின. குடையை மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை.

திங்களன்று மூன்று நாடுகளைப் பற்றியும் தான் பட்டதை எழுதி முடித்து, கீழே நான்காவதாக ஒரு பெயர் சேர்த்தார்: சனத்நகர். அதற்கு எதிரே, ‘அளவு எடுப்பதில்லை, ஆள் வந்து சேர்ந்துவிடுவார்’ என்று எழுதினார். அருங்காட்சியகத்தார் ஓர் எழுத்தும் மாற்றாமல் அதை அச்சடித்து, துப்பாக்கிகளுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.