சர்க்கரை ரோஜாக்கள்

யுத்த காலம். சர்க்கரை ரேஷனில்தான் கிடைத்தது. சாந்தோமில் ரெஜினா டீச்சர் நடத்திய கேக் அலங்கார வகுப்புப் பெண்கள், வீட்டில் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுத் தங்கள் பங்குச் சர்க்கரையை வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் பொடித்து, பிசின் சேர்த்துப் பிசைந்து, இதழ் இதழாக ஒட்டி ரோஜாக்கள் செய்தார்கள். எல்லாம் அநாதை விடுதியின் கிறிஸ்துமஸ் கேக்குக்கு என்று டீச்சர் சொல்லியிருந்தாள்.

அந்த ரோஜாக்களை, வகுப்புப் பெண்களில் ஒருத்தியான மர்சலின், டீச்சர் மகளின் கல்யாண விருந்தில் பார்த்தாள். மூன்றடுக்குக் கேக் முழுக்க அவைதான். தன் கை செய்த பூ அவளுக்குத் தெரியாதா? நேரே டீச்சரிடம் போனாள்.

"இன்னா டீச்சர் இது? விடுதிப் பிள்ளைங்களுக்குன்னுதானே வாங்கினீங்க?"

"மெதுவா பேசு மர்சலின், சம்பந்தி வீட்டுக்காரங்க இருக்காங்க. பிள்ளைங்களுக்கு வேற செஞ்சுக்கலாம்."

"எதுல செய்வீங்க? என் பொண்ணு சர்க்கரையில்லாத பால் குடிச்சு மிச்சம் பிடிச்சது இது!"

மர்சலின் முந்தானையை விரித்து, ரோஜாக்களைப் பிடுங்கிப் போட்டாள். டீச்சர் கையைப் பிடித்தாள், மர்சலின் உதறினாள். வகுப்புப் பெண்களும் எழுந்து வந்து மீதியைப் பிடுங்கினார்கள். விருந்தைத் தொடாமல் எல்லோரும் நேரே விடுதிக்கு நடந்தார்கள்.

பிள்ளைகள் ரோஜாக்களைக் கடித்துத் தின்பதைப் பார்த்த பிறகும் மர்சலினின் கோபம் ஆறவில்லை. அந்த வகுப்புக்கு அவள் அப்புறம் போகவேயில்லை, மற்றவர்களும் போகவில்லை.